அடுப்பேறாத இனிப்புகள்: எதை உண்ணலாம், எவ்வளவு உண்ணலாம்?

சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் மருந்து எடுத்துக்கொள்பவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது, அவர்களுடைய வீட்டார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வெள்ளைச் சர்க்கரையை அடியோடு நிறுத்திவிட்டோம், டாக்டர். பேரீச்சம்பழம், தேங்காய், நிலக்கடலை, கொஞ்சம் கருப்பட்டி சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுக்கிறோம். அடுப்பில் வைப்பதே இல்லை, எல்லாம் இயற்கைதான். தாராளமாகக் கொடுக்கலாம் இல்லையா?"

இக்கேள்வியில் அன்பும் அக்கறையும் நிறைந்திருக்கின்றன. பொரித்த பலகாரத்தையும் கடை இனிப்பையும் விட்டுவிட்டு, வீட்டிலேயே தானியத்தையும் பழத்தையும் பருப்பையும் கொண்டு இனிப்புச் செய்வது நல்ல மாற்றமே. அதனை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் 'தாராளமாக' என்ற அந்த ஒரு சொல்தான் பலருடைய இரத்தச் சர்க்கரையை உயர்த்திவிடுகிறது. அடுப்பில் ஏறாததாலோ, செடி கொடிகளிலிருந்து கிடைத்ததாலோ இனிப்பு தன் குணத்தை இழப்பதில்லை. சமைக்காத தாவர இனிப்புகளை நோயாளிகள் எவ்வாறு அளவறிந்து, தூய்மையாகச் செய்து உண்ணலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் ஊருக்குப் புதியதன்று

சமைக்காத இனிப்பு என்பது அண்மையில் எங்கிருந்தோ வந்த வழக்கம் என்று இளையோர் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நம் வீடுகளில் காலங்காலமாக இருந்துவருவது. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் செல்லும் குடும்பங்கள் கோமதியம்மனுக்கு எடுக்கும் மாவிளக்கை நினைத்துப் பாருங்கள். ஊறவைத்து நிழலில் உலர்த்திய பச்சரிசியை இடித்து, வெல்லமும் ஏலமும் சுக்கும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழியிட்டுத் திரி ஏற்றுகிறோம். மாவு வேகவைக்கப்படுவதே இல்லை. துள்ளுமாவும் அவ்வாறே. ஊறவைத்த அரிசியில் வெல்லமும் தேங்காயும் கலந்த காப்பரிசி, வெல்லமும் எலுமிச்சையும் சேர்ந்த பானகம், தேங்காயும் வெல்லமும் கலந்த ஊறிய அவல் ஆகியவையும் அடுப்பேறாதவையே. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தம்கூட நெருப்பில் வைக்காமல் வாழைப்பழத்தைப் பிசைந்து செய்யப்படுவதுதான். அதில் சேரும் நெய்யும் தேனும் மட்டுமே தாவரத்தைச் சாராதவை.

குருவிகுளம், திருவேங்கடம் வட்டாரக் கரிசல் நிலத்தில் விளையும் கம்பும் சோளமும் எள்ளும் பயறும், அருகிலுள்ள புளியங்குடியின் எலுமிச்சையும், கோடையில் கிடைக்கும் நுங்கும் இத்தகைய இனிப்புகளுக்குப் போதுமானவை. விலை மிகுந்த அயல்நாட்டுக் கொட்டைகளையும் விதைகளையும் தேடி அலைய வேண்டியதில்லை.

நம் மாவட்டத்திலேயே மலையடிவாரத்தில் உள்ள சிவசைலத்தில், சமைக்காத உணவை வலியுறுத்தும் நல்வாழ்வு ஆசிரமம் இருப்பதைப் பலர் அறிவர். அங்குச் சென்று வந்த சிலரும் எங்களிடம் சிகிச்சைக்கு வருவதுண்டு. அவர்களிடம் நாங்கள் கூறுவது இதுதான்: ஒரு வேளைக்குச் சமைக்காத இனிப்பு உண்பது வேறு, முழு உணவையும் சமைக்காத தாவர உணவாகவே மாற்றிக்கொள்வது வேறு. பின்னதை மருத்துவரின் மேற்பார்வையின்றித் தொடங்கக் கூடாது. உணவு திடீரெனக் குறையும்போது, இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் அதே அளவில் தொடர்ந்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். அன்றியும் தாவர உணவில் வைட்டமின் பி12 கிடைப்பதில்லை. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்பவர்களுக்கு இந்த வைட்டமின் ஏற்கெனவே குறைய வாய்ப்புண்டு.

காந்தியடிகள் 1929ஆம் ஆண்டில் சமைக்காத உணவைத் தம்மீதே சோதித்துப் பார்த்தார். முளைவிட்ட கோதுமை, அரைத்த பாதாம், கீரை, எலுமிச்சை, தேன் ஆகியவையே அவருடைய உணவாக இருந்தன. சில மாதங்களில் வயிற்றுக்கடுப்பு ஏற்படவே அதனை நிறுத்திவிட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். அதனைத் தம் 'யங் இந்தியா' இதழில் ஒளிக்காமல் எழுதவும் செய்தார். கொள்கை எவ்வளவு உயர்ந்ததாயினும் உடல் தரும் எச்சரிக்கைக்குச் செவிசாய்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

சமைக்காததால் உண்மையில் கிடைக்கும் நன்மை

முதல் நன்மை, எண்ணெயும் பாகும் இல்லாமை. எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த பலகாரத்தோடு ஒப்பிட்டால், பழமும் பருப்பும் சேர்ந்த இனிப்பில் சர்க்கரையை நாமே கட்டுப்படுத்தலாம். பல முறை காய்ந்த எண்ணெயும் உடலுக்குள் செல்வதில்லை.

இரண்டாவது, நார்ச்சத்து. பழத்தைச் சாறாகப் பிழியாமல் முழுதாக உண்ணும்போதும், எள்ளையும் கடலையையும் தோலோடு சேர்க்கும்போதும் நார்ச்சத்து வீணாவதில்லை. அது சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கிறது, மலச்சிக்கலையும் குறைக்கிறது.

மூன்றாவது, வைட்டமின் சி. இது வெப்பத்தால் எளிதில் அழியக்கூடியது. 100 கிராம் கொய்யாப்பழத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. அதனைப் பச்சையாக உண்ணும்போது முழுப் பயனும் கிடைக்கிறது.

இவற்றுக்கு அப்பால் கூறப்படும் சில பெருமைகளுக்கு அடிப்படை இல்லை. 'சமைக்காத உணவில் உள்ள நொதிகள் நோயைக் குணப்படுத்தும்' என்பது அவற்றுள் ஒன்று. உணவிலுள்ள நொதிகளும் புரதங்களே. மற்றப் புரதங்களைப் போலவே அவையும் வயிற்றில் செரிக்கப்பட்டுவிடுகின்றன. எனவே எள்ளையும் நிலக்கடலையையும் இளஞ்சூட்டில் வறுத்துச் சேர்ப்பதால் எந்தப் பெரிய இழப்பும் இல்லை. சிலருக்கு அதுவே பாதுகாப்பானது. காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

பெயர் மாறினும் சர்க்கரையே

2023ஆம் ஆண்டில் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயுடன் வாழ்பவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர். தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் 14.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் உள்ளது. அதாவது ஏழு பேருக்கு ஒருவர். ஆகவே எந்த வீட்டில் இனிப்புச் செய்தாலும், அங்கே ஒருவருக்காவது அது கணக்கோடு பரிமாறப்பட வேண்டியதாகிறது.

வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் ஆகிய எல்லாவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். சிறிதளவு தாதுக்கள் கூடுதலாக இருக்கலாம். ஆயினும் ஒரு தேக்கரண்டி கருப்பட்டித் தூள் இரத்தத்தில் செய்யும் வேலை, ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரை செய்யும் வேலையிலிருந்து பெரிதும் மாறுபட்டதன்று. இரும்புச்சத்துக்காக வெல்லம் உண்பதாகச் சிலர் கூறுகின்றனர். தேவையான இரும்புச்சத்தை வெல்லத்திலிருந்தே பெற முயன்றால் அதற்குமுன் சர்க்கரை அளவு எல்லை கடந்துவிடும். அதற்கு முருங்கைக்கீரையும் பயறு வகைகளும் இருக்கின்றன.

பேரீச்சம்பழத்தைப் பற்றித்தான் தவறான எண்ணம் மிகுதி. விதை நீக்கிய பேரீச்சையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. 100 கிராம் பேரீச்சையை அரைத்துச் சேர்த்தால் 65 கிராம் அளவு சர்க்கரையைச் சேர்த்ததாகவே கொள்ள வேண்டும். நார்ச்சத்து உடன் இருப்பதால் அது வெள்ளைச் சர்க்கரையைக் காட்டிலும் மேலானது. ஆனால் கணக்கில் வராதது அன்று.

உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையும் சேர்ந்து, ஒரு நாள் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது என்கிறது; 5 விழுக்காட்டுக்குள் அடங்கினால் மேலும் நன்று. பின்னைய அளவு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது 5 அல்லது 6 தேக்கரண்டி. காப்பியிலும் தேநீரிலும் இதில் பாதி தீர்ந்துவிடுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். முழுப் பழத்தில் இயல்பாக உள்ள சர்க்கரை இந்த வரம்பில் சேராது. எனினும் சர்க்கரை நோயாளிகள் அதனையும் தங்கள் மாவுச்சத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்ய நான்கு இனிப்புகள்

எள்-கடலை உருண்டை: விதை நீக்கிய பேரீச்சை 100 கிராம், எள் 50 கிராம், நிலக்கடலை 50 கிராம், ஏலக்காய்த் தூள் சிறிது. கடலையையும் எள்ளையும் கொரகொரப்பாகப் பொடித்து, பேரீச்சையோடு சேர்த்து இடித்து 20 உருண்டைகளாகப் பிடியுங்கள். நெல்லிக்காய் அளவுகூட வராது; அதுவே சரியான அளவு. ஓர் உருண்டையில் ஏறத்தாழ 3 கிராம் சர்க்கரையும் 40 கலோரிக்குச் சற்று மேற்பட்ட ஆற்றலும் இருக்கும். சர்க்கரை கட்டுக்குள் உள்ளவர்கள் ஒரு நாளுக்கு ஓர் உருண்டை, மிகுந்தால் இரண்டு உண்ணலாம். இதே பொருள்களை எலுமிச்சை அளவில் பிடித்து மூன்று உண்டால் கணக்கு முற்றிலும் மாறிவிடும்.

பழக் கலவை: பப்பாளி 100 கிராம், கொய்யா 50 கிராம் ஆகியவற்றை நறுக்கி, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், ஏலக்காய் சேர்த்துக் கலக்குங்கள். வெல்லமோ சர்க்கரையோ வேண்டாம். பழத்தில் இயல்பாக உள்ள சர்க்கரை 12 கிராம் அளவில் இருக்கும். உணவு உண்டவுடன் உண்பதைவிட, இரண்டு உணவுகளுக்கு இடையில் சிற்றுண்டிக்கு மாற்றாக உண்பது நல்லது.

அவல் இனிப்பு: இது நான்கு பேருக்கானது. சிவப்பு அவல் 100 கிராமைக் கழுவி, காய்ச்சி ஆறிய நீரில் ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். தேங்காய்த் துருவல் 4 மேசைக்கரண்டி, பொடித்த வெல்லம் 4 தேக்கரண்டி, ஏலம் சேர்த்துப் பிசையுங்கள். ஒருவர் பங்கில் ஒரு தேக்கரண்டி வெல்லமே வரும். ஆனால் அவலில் மாவுச்சத்து மிகுதி. ஆகையால் சர்க்கரை நோயாளிகள் இதனை மாலைச் சிற்றுண்டியாகவோ காலை உணவின் ஒரு பகுதியாகவோ கொள்ள வேண்டும். வழக்கமான உணவுக்கு மேல் கூடுதலாகக் கொள்ளக் கூடாது. அவல் தயாரிப்பின்போதே சூடு கண்டது என்பதால், கண்டிப்பாகப் பச்சை உணவையே நாடுபவர்கள் இதனை ஏற்பதில்லை. நோயாளிகளுக்கு அதுவே ஒரு பாதுகாப்பு.

நுங்குத் தேங்காய்ப்பால்: கோடையில் இளநுங்கு நான்கைத் தோல் நீக்கி நறுக்கி, அரைக் குவளை புதிய தேங்காய்ப்பாலில் இட்டு, ஏலம் சேர்த்துக் குளிரவைத்து உண்ணலாம். நுங்கில் பெரும்பகுதி நீரே. தேங்காய்ப்பாலின் அளவில் மட்டும் கருத்தாக இருங்கள். 100 கிராம் தேங்காயில் 33 கிராம் அளவு கொழுப்பு உண்டு. அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. இதய நோயாளிகள் இரண்டாம் பாலைப் பயன்படுத்தலாம்.

மாவிளக்கு மாவைப் பற்றியும் ஒரு சொல். அது வழிபாட்டுக்குரியது, அதனைத் தவிர்க்கச் சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை. 100 கிராம் அரிசி மாவுக்கு 50 கிராம் வெல்லம் சேர்த்த மாவை ஆறு பங்காக்கினால், ஒரு பங்கில் ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து இருக்கும். இது இரண்டு சிறிய இட்லிகளுக்கு நிகர். எனவே பிரசாதத்தை ஒரு சிறு உருண்டையாக வாங்கிக்கொண்டு, அன்றைய உணவில் இரண்டு இட்லியைக் குறைத்துக்கொள்ளலாம். மீதியை உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் பகிர்வதும் மரபுதானே.

நெருப்பு செய்துவந்த வேலையை நாம் செய்ய வேண்டும்

சமைக்கும்போது வெப்பம் கிருமிகளை அழிக்கிறது. சமைக்காதபோது அந்தப் பொறுப்பு முழுவதும் நம் கைகளுக்கு வந்துவிடுகிறது. 2011ஆம் ஆண்டில் ஜெர்மனியில், பச்சையாக உண்ட முளைகட்டிய வெந்தயத்தின் வழியே ஈகோலை என்னும் பாக்டீரியா பரவி, ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. விதை முளைவிடத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகள் பெருகவும் ஏற்றவை என்பதே காரணம். பச்சை மாவும் அவ்வாறே. 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வேகவைக்காத கோதுமை மாவினால் இதே வகைத் தொற்று பரவியது.

இதனைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தால் போதும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பழங்களை நறுக்குவதற்குமுன் ஓடும் நீரில் கழுவுங்கள். தோலின் மேலுள்ள அழுக்கு கத்தியின் வழியே உள்ளே செல்லும். ஊறவைக்கக் காய்ச்சி ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். இறைச்சி அரிந்த பலகையில் பழம் நறுக்காதீர்கள். தேங்காயும் பழமும் ஊறிய அவலும் சேர்ந்த இனிப்பை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். நம் ஊர்க் கோடையில் ஒரு மணி நேரமே எல்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

நிலக்கடலையைப் பொறுக்கும்போது சுருங்கியவை, கறுத்தவை, பூஞ்சை படிந்தவை, கசப்பவை ஆகியவற்றை எறிந்துவிடுங்கள். பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அது முழுமையாக நீங்காது.

யார் எதைத் தவிர்க்க வேண்டும்?

புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுபவர்கள், உறுப்புமாற்று அறுவை செய்துகொண்டவர்கள், ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர் ஆகியோர் பச்சை மாவையும் வேகவைக்காத முளைகளையும் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு மாவை நன்கு வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ, முளைப்பயற்றை அவித்தோ இனிப்புச் செய்து கொடுங்கள். பழத்தைத் தோல் சீவி உடனே கொடுங்கள்.

நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் இந்த இனிப்புகளுள் பெரும்பாலானவற்றை எங்களைக் கேட்காமல் உண்ணக் கூடாது. பேரீச்சை, வாழைப்பழம், இளநீர், தேங்காய், கொட்டை வகைகள் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. ஒரு குவளை இளநீரிலேயே 500 மில்லிகிராம் அளவு பொட்டாசியம் இருக்கும். பழுதுற்ற சிறுநீரகத்தால் அதனை வெளியேற்ற இயலாதபோது இதயத் துடிப்பு சீர்குலைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். இரத்த அழுத்தத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரப்படும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. உங்கள் மருந்து அவற்றுள் ஒன்றா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பக்கவாதத்துக்குப்பின் விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவர்களுக்கு உருண்டைகளும் உலர்ந்த மாவும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலை கொடுக்காதீர்கள். வெல்லத்துக்கு மாற்றாகத் தேன் சேர்ப்பவர்கள், ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் அதனைத் தடவவும் கூடாது. நிலக்கடலை, எள் ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் விருந்தினருக்கும் அதனைச் சொல்லிவையுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களின் வீட்டார் மற்றொன்றையும் மறவாதிருக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பமான பேச்சு தோன்றி, இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியிருந்தால், எள்ளுருண்டையைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள கொழுப்பும் நாரும் சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். அந்நேரத்தில் வேண்டியது மூன்று தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரையை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதே. 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். உயராவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தவறியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். சர்க்கரையை வீட்டிலிருந்து அடியோடு அகற்றிவிட்டதாகக் கூறுபவர்களிடம், இதற்காக ஒரு சிறு பொட்டலமாவது வைத்திருங்கள் என்றே நாங்கள் வலியுறுத்துகிறோம்.

பராமரிப்போருக்கு

நோயாளிக்கு இனிப்பை மறுப்பது எளிதன்று. வீட்டில் விசேஷம் நடக்கும்போது ஒருவருக்கு மட்டும் தட்டு வெறுமையாக இருப்பதை எந்த மகளும் மருமகளும் விரும்பமாட்டார்கள். அவருக்கெனத் தனியாக ஒன்று செய்வதைவிட, வீட்டார் அனைவருக்கும் ஒரே இனிப்பைக் குறைந்த வெல்லத்தோடு செய்து, எல்லோரும் சிறு அளவில் உண்பது நல்லது. நாவின் பழக்கம் மாறக்கூடியது. வெல்லத்தை ஒரேயடியாக நிறுத்தாமல் சில வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்துவந்தால், முன்பு போதாதென்று தோன்றிய இனிப்பே திகட்டத் தொடங்கும்.

புதிய இனிப்பு ஒன்றைத் தொடங்கும் நாளில், வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் உண்பதற்குமுன் ஒரு முறையும் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் சோதித்து, என்ன பொருள், எத்தனை கிராம், எத்தனை மணி என்பவற்றோடு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டுடன் அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள். எந்த இனிப்பு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது, எதனைக் குறைக்க வேண்டும், மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பனவற்றை அதனைப் பார்த்து நாம் சேர்ந்தே முடிவு செய்யலாம்.